எது கேட்டாலும் “நல்லா இருக்கான் மேம்”னு மட்டும்தான் பதில் வருது, மிஸ்கிட்ட எப்படி பேசறது?

கேள்வி:

என் பையனுக்கு மூணரை வயசு. ஜூன்ல வீட்டுக்கு பக்கத்துலயே ஒரு ப்ளே ஸ்கூல்ல ப்ரீ கேஜி சேர்த்தோம். நானும் ஹஸ்பண்டும் ஓஎம்ஆர்ல ஐடி வேலை, நான் வீட்டுக்கு வர எட்டரை ஆயிடும், அதுக்கப்புறம் என்கூட விளையாடிட்டு 11 மணிக்குத்தான் தூங்குவான். காலைல நான் விட்டுட்டு போவேன், மதியம் மாமியார் போய் கூட்டிட்டு வருவாங்க. ஒரு மாசமா கேட்டுகிட்ட எல்லார் முன்னாடியும் மிஸ் அவங்ககிட்ட “இன்னைக்கும் ஒரு பையன கடிச்சிட்டான் பாட்டி”, “ஒரு இடத்துல உக்கார மாட்டேங்குறான், ரொம்ப ஹைப்பர், டாக்டர்கிட்ட காட்டுங்க”ன்னு சொல்றாங்க, மாமியார் வீட்டுக்கு வந்து அழறாங்க. வீட்டுல அவன் யாரையும் கடிச்சதே இல்ல. டிபன் பாக்ஸும் அப்படியே திரும்பி வருது. கோவத்துல நான் க்ளாஸ் வாட்ஸ்அப் க்ரூப்ல “குழந்தைங்க சாப்பிட்டாங்களான்னு யாராவது பாக்குறீங்களா இல்லையா”ன்னு போட்டுட்டேன். அதுலேர்ந்து மிஸ் என்கிட்ட சரியாவே பேசறதில்ல, எது கேட்டாலும் “நல்லா இருக்கான் மேம்”, அவ்ளோதான். போன வாரம் அவன்கிட்ட “மிஸ் உன்ன அடிச்சாங்களா”ன்னு கேட்டேன், “ஆமா”ன்னான். மறுநாள் கேட்டா “இல்ல”ங்கறான். எனக்கு தூக்கமே வரல. ஹஸ்பண்ட் நேரா பிரின்சிபால்கிட்ட போ, இல்லன்னா ஸ்கூல மாத்துங்கறார். மாமியார் “அந்தக் காலத்துல நாங்க ஸ்கூல் வாசலையே மிதிச்சதில்ல, டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்”ங்கறாங்க. நான் என்ன பண்ணட்டும்?

ஒரு அம்மா, பெருங்குடி

பதில்:

முதல்ல அந்த “ஆமா”வ பாத்துடலாம், உங்க தூக்கத்த கெடுக்கறது அதுதானே. மூணரை வயசு குழந்தைகிட்ட “மிஸ் அடிச்சாங்களா”ன்னு கேட்டா, அம்மா முகத்துல இருக்கற பதட்டத்த பாத்துட்டு, அம்மாவுக்கு எந்த பதில் வேணும்னு நினைக்கிறானோ அத சொல்லிடுவான். மறுநாள் நீங்க வேற மாதிரி கேட்டிருப்பீங்க, வேற பதில் வந்திருக்கும். 1995ல அமெரிக்காவுல லெய்க்ட்மேன், சீசின்னு ரெண்டு ஆய்வாளர்கள் இதையே சோதனை பண்ணி பாத்தாங்க. ஒரு ப்ரீ ஸ்கூல் க்ளாஸுக்கு சாம் ஸ்டோன்னு ஒருத்தர் வந்து சும்மா ரெண்டு நிமிஷம் இருந்துட்டு போயிடுவார், எதையும் உடைக்கல, கிழிக்கல. ஆனா சில குழந்தைங்ககிட்ட அவர் வர்றதுக்கு முன்னாடியே “அவர் எத தொட்டாலும் உடைச்சிடுவார்”ங்கற மாதிரி கதைகள் சொல்லி வச்சாங்க, அவர் போனப்புறம் வாரக்கணக்குல, புக்க அவர்தான் கிழிச்சாருங்கறது தெரிஞ்ச விஷயம் மாதிரியே திரும்பத் திரும்ப கேட்டாங்க. கடைசில 3, 4 வயசு குழந்தைங்கள்ல நிறைய பேர் அவர்தான் கிழிச்சாருன்னு சொன்னாங்க, சில பேர் நான் கண்ணால பாத்தேன்னே சொன்னாங்க. கதையும் சொல்லாம, தூண்டித் தூண்டி கேக்காமலும் விட்ட குழந்தைங்க பெரும்பாலும் நடந்தத சரியா சொன்னாங்க. எனக்கு இதுல முக்கியமா படறது கடைசி விஷயம்தான். சின்னக் குழந்தை சொல்றத நம்பவே கூடாதுன்னு இதுக்கு அர்த்தம் இல்ல, நாம கேக்கற விதத்த மாத்தினா அவங்க சொல்றது நம்பற மாதிரியே இருக்கும்.

அதனால இன்னைலேர்ந்து “அடிச்சாங்களா, திட்டினாங்களா, கிள்ளினாங்களா” எதுவும் வேண்டாம். மாமியார்கிட்டயும் ஹஸ்பண்ட்கிட்டயும் சொல்லிடுங்க, ஏன்னா வீட்டுல மூணு பேரும் மாத்தி மாத்தி கேட்டா அவன் மனசுல ஒரு கதையே உருவாயிடும், அப்புறம் நிஜமாவே எதாவது நடந்தாகூட எது நிஜம்னு யாராலயும் பிரிச்சு சொல்ல முடியாது. அதுக்கு பதிலா குளிக்க வைக்கறப்போவோ சாப்பிடறப்போவோ “ஸ்நாக்ஸ் டைம்ல பக்கத்துல யாரு உக்காந்தா?”, “இன்னைக்கு மிஸ் என்ன பாட்டு பாடினாங்க?”ன்னு ஒண்ணே ஒண்ணு கேளுங்க, பதில் வரலன்னா விட்டுடுங்க. சனிக்கிழமை ஸ்கூல் விளையாட்டு விளையாடுங்க, அவன் மிஸ், நீங்களும் டெடி பொம்மையும் ஸ்டூடன்ட்ஸ். அவன் மிஸ்ஸா எப்படி பேசறான், கைய காலை எப்படி வச்சுக்கறான், பொம்மை கீழ விழுந்தா என்ன பண்றான்னு சும்மா பாருங்க. அவனா எதாவது சொன்னா “அப்புறம்?”னு மட்டும் கேளுங்க. விளையாட்டுல அவன் பொம்மைய அடிச்சா உடனே அத சாட்சியா எடுத்துக்காதீங்க, குழந்தைங்க கார்ட்டூன்ல பாத்ததையும் சேத்துத்தான் விளையாடுவாங்க, ஆனா மனசுல குறிச்சு வச்சுக்கோங்க.

இன்னொன்னும் இங்கயே சொல்லிடறேன், இதுல எந்த சமாதானமும் கிடையாது. உடம்புல காரணம் தெரியாத காயமோ தழும்போ இருந்தா, ஒரு குறிப்பிட்ட ஆள பாத்து மட்டும் பயந்தா, பாத்ரூம் போகவே நடுங்கினா, ட்ரெஸ் கழட்ட விடாம அழுதா, நின்னு போன படுக்கை நனைக்கறது திடீர்னு திரும்ப வந்தா, அப்போ கீழ நான் சொல்லப்போற பொறுமையான பேச்செல்லாம் உங்களுக்கு இல்ல. அன்னைக்கே குழந்தை டாக்டர், அன்னைக்கே பிரின்சிபாலுக்கு எழுத்துல, சிசிடிவி ஃபுட்டேஜ அழிக்காம வைக்கச் சொல்லி அதையும் எழுத்துல. 1098 குழந்தைகளுக்கான ஹெல்ப்லைன், ராத்திரி பகல் எப்போ வேணா கூப்பிடலாம், காசு இல்ல. தொடக்கூடாத மாதிரி தொட்டாங்கன்னு சந்தேகம் வந்தா அது குழந்தைங்கள பாலியல் குற்றங்கள்லேர்ந்து பாதுகாக்கற 2012 போக்சோ சட்டத்துல வரும், ஸ்கூலுக்குள்ளயே பேசி முடிச்சுக்கற விஷயமே கிடையாது. தேசிய குழந்தைகள் உரிமை பாதுகாப்பு ஆணையம் தனியார் ப்ளே ஸ்கூலுக்குன்னு போட்ட வழிகாட்டுதல்லயும் குழந்தைய உடம்பாலயோ மனசாலயோ தண்டிக்கக் கூடாதுன்னு இருக்கு, ஒரு அடி ரெண்டு அடிங்கற கணக்கெல்லாம் இல்ல. நீங்க எழுதினதுல இந்த மாதிரி அறிகுறி எதுவும் எனக்கு தெரியல. ஆனா நான் பாக்கறது உங்க லெட்டரத்தான், உங்க பையன இல்ல, அதனால இன்னைக்கு குளிக்க வைக்கறப்போ ஒரு தடவை நல்லா பாத்துக்கோங்க.

சரி, இப்போ மிஸ் விஷயத்துக்கு வரேன்.

கேட்ல வச்சு, நாலு பேர் முன்னாடி, ஒரு பாட்டிகிட்ட “கடிச்சிட்டான்”, “ஹைப்பர்”னு சொன்னது தப்பு. அத நான் எப்படி பாத்தாலும் நியாயப்படுத்த மாட்டேன். பக்கத்துல நின்ன மத்த அம்மாக்கள் காதுல அது விழுந்திருக்கும், அவங்க வீட்டுல போய் “அவன்கூட சேராத”ன்னு சொல்லியிருப்பாங்க, அந்தப் பேர் குழந்தைக்கு ஒட்டிக்கும். இத நீங்க மிஸ்கிட்ட கேக்கலாம், கேக்கணும், எப்படின்னு சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி அவங்க எந்த இடத்துல நின்னு பேசறாங்கன்னு தெரிஞ்சுக்கோங்க, நான் வருஷக்கணக்கா இந்த மிஸ்களுக்கு ட்ரெய்னிங் குடுத்துட்டு இருக்கேன், அந்தப் பக்கமும் எனக்கு தெரியும். அந்த ஆணையத்தோட வழிகாட்டுதல்படி 20 குழந்தைக்கு ஒரு டீச்சர், கூட ஒரு ஆயாம்மா இருக்கணும். அப்படியே இருந்தாலும் 20 பேருக்கு ஷூ மாட்டி, பேக் மாட்டி, எந்தக் குழந்தை வேன்ல, எது வீட்டு ஆள்கூடன்னு பாத்து அனுப்பற அந்த டிஸ்பர்சல் பத்து நிமிஷம்தான் அவங்களுக்கு ஒரு நாளோட ரொம்ப டென்ஷனான நேரம், ஒரு குழந்தை தப்பான கைல போயிட்டா வேலை போயிடும். அந்த நேரத்துல வாய்ல வர்றது எப்பவுமே தீர்ப்பாத்தான் வரும், விளக்கமா வராது. போதாததுக்கு நிறைய இடத்துல மேனேஜ்மென்ட்டே “பேரன்ட்ஸ்கிட்ட நெகட்டிவ்வா எதுவும் பேசாதீங்க, கம்ப்ளெயின்ட் வரக்கூடாது”ன்னு சொல்லி வச்சிருக்காங்க. சம்பளம் ரொம்ப கம்மி. அந்த நிலைமைல க்ரூப்ல பிரின்சிபாலும் எல்லா பேரன்ட்ஸும் பாக்கற மாதிரி நீங்க ஒரு கேள்வி போட்டீங்க, உடனே அவங்கள மேல கூப்பிட்டு கேட்டிருப்பாங்க. அதுக்கப்புறம் “நல்லா இருக்கான் மேம்”ங்கறதுதான் அவங்களுக்கு பாதுகாப்பான ஒரே பதில். அவங்க உங்க பையன்மேல கோவமா இருக்காங்கன்னு நீங்க பயப்படறீங்க, எனக்கு தோணறது அவங்க உங்கள பாத்து பயந்துட்டு இருக்காங்கன்னு.

இப்போ உங்க லெட்டர்ல நீங்க போற போக்குல எழுதின ஒரு வரிக்கு வரேன், 11 மணிக்குத்தான் தூங்குவான்னு எழுதியிருக்கீங்களே. அவன் காலைல எத்தனை மணிக்கு எந்திரிக்கிறான்? ஸ்கூலுக்கு கிளம்பணும்னா ஏழரைக்காவது எழுப்பியாகணும், அப்போ ராத்திரி தூக்கம் எட்டரை மணி நேரம்தான். 3, 4 வயசு குழந்தைக்கு மதியத் தூக்கமும் சேத்து ஒரு நாளைக்கு 10லேர்ந்து 13 மணி நேரம் தூக்கம் வேணும்னு 2019ல உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கு. அவன் மதியம் வந்து எவ்ளோ நேரம் தூங்கறான்னு மாமியாருக்குத்தான் தெரியும், ஒருவேளை மூணு மணிலேர்ந்து ஆறு மணி வரைக்கும் தூங்கறானோ என்னமோ, அதனாலயே ராத்திரி தூக்கம் வராம இருக்கலாம். எப்படி இருந்தாலும் காலைல ஸ்கூலுக்கு போறப்போ அவன் அரைத் தூக்கத்துல போறான், அரை வயித்தோட போறான், ஸ்நாக்ஸும் சாப்பிடல. அந்த நிலைமைல பதினொரு மணி வாக்குல ஒருத்தன் அவன் கைல இருக்கற காரைப் பிடுங்கினா என்ன ஆகும்? “குடுடா அது என்னோடது”ன்னு சொல்ல வார்த்தை வர்றதுக்குள்ள பல்லு வந்துடும். வீட்டுல கடிச்சதே இல்லன்னு சொல்றீங்க, நான் முழுசா நம்பறேன், ஏன்னா வீட்டுல அவன் காரைப் பிடுங்க ஆளே இல்லையே.

நான் சொல்ல வர்றது இதுதான். 11 மணிக்கு தூங்கறான்னு உங்களுக்கு தெரியும், மிஸ்ஸுக்கு தெரியாது. எத்தனை மணிக்கு கடிக்கிறான், யார கடிக்கிறான், அதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி என்ன நடந்துச்சுன்னு மிஸ்ஸுக்கு தெரியும், உங்களுக்கு தெரியாது. இது ரெண்டும் ஒரே மேஜைல வந்து சேர்ந்தா பாதி பிரச்சனை அங்கயே புரிஞ்சிடும். ஒரு மாசமா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல போயிட்டு வந்துட்டு இருக்கறது “கடிச்சிட்டான்”, “சாப்பிடல”, “ஹைப்பர்”, “யாராவது பாக்குறீங்களா” இதெல்லாம்தான். இதுல எல்லாமே முடிவு, ஒண்ணுகூட தகவல் இல்ல. நம்ம அடையாறுல 1939ல இத்தாலிய கல்வியாளர் மரியா மாண்டிசோரி வந்து டீச்சர்களுக்கு ட்ரெய்னிங் ஆரம்பிச்சப்போ அவங்க வழியோட அடித்தளமே குழந்தைய குறுக்கிடாம உக்காந்து பாக்கறதுதான், பாத்தத பாத்தபடி எழுதணும், பேர் வைக்கறது அப்புறம். 2022ல வந்த அடிப்படை நிலைக்கான, அதாவது 3லேர்ந்து 8 வயசு வரைக்குமான, தேசிய கலைத்திட்டமும் இந்த வயசுல டெஸ்ட் எக்ஸாம் எதுவும் கூடாது, குழந்தை பண்றத பாத்து குறிச்சும், அது செஞ்சு வச்சத பாத்தும்தான் மதிப்பிடணும்னு சொல்லுது. அப்போ மிஸ்கிட்ட நீங்க கேக்க வேண்டியதும் அதுதான், அவங்க என்ன நினைக்கிறாங்கன்னு கேக்காதீங்க, என்ன பாத்தாங்கன்னு கேளுங்க.

இத கேட்ல கேக்க முடியாது, க்ரூப்ல கேக்கவே கூடாது. மிஸ் நம்பர் இருந்தா தனியா, இல்லன்னா ஸ்கூல் நம்பருக்கோ டைரிலயோ இப்படி ஒண்ணு அனுப்புங்க, உங்க வார்த்தைல மாத்திக்கோங்க: “வணக்கம் மிஸ். அன்னைக்கு க்ரூப்ல நான் கேட்ட விதம் சரியில்ல, உங்ககிட்ட நேராவே கேட்டிருக்கணும். அவன் கடிக்கறத பத்தி நானும் யோசிச்சுட்டு இருக்கேன். வீட்டுல அவன் லேட்டா தூங்கறான், சாப்பாடு ஊட்டி விட்டுத்தான் பழக்கம், இந்த மாதிரி உங்ககிட்ட சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கு. உங்களுக்கு வசதியான ஒரு நாள், குழந்தைங்க கிளம்பினப்புறம் பதினஞ்சு நிமிஷம் குடுக்க முடியுமா? நான் பெர்மிஷன் போட்டுட்டு வரேன்.” இதுல உங்க வீட்டு விஷயம்தான் முதல்ல வருது, கவனிச்சீங்களா, நீங்களே முதல்ல ஒரு தகவல் குடுத்தா அவங்க பயம் பாதி குறையும். தமிழ்லயே எழுதுங்க, தமிழ்லயே பேசுங்க. ஸ்கூல்ல இங்கிலீஷ்லதான் பேசணும்னு போர்டு தொங்கினாலும் ரெண்டு தமிழ்க்காரங்க ஒரு குழந்தைய பத்தி கவலையா பேசறப்போ யோசிச்சு யோசிச்சு இங்கிலீஷ் பேசினா பாதி விஷயம் விட்டுப்போயிடும்.

போறப்போ ஹஸ்பண்டையும் கூட்டிட்டு போங்க, ஆனா ஒரு கண்டிஷன், அவர் கைல ஃபோன வச்சு ரெக்கார்ட் பண்றது, “நாங்க இவ்ளோ ஃபீஸ் கட்றோம்”னு ஆரம்பிக்கறது ரெண்டும் கிடையாது. முதல்ல நீங்க சொல்லுங்க, எப்போ தூங்கறான், யார் ஊட்டறாங்க, பாத்ரூம் வந்தா என்ன வார்த்தை சொல்லுவான், எதுக்கு பயப்படுவான், அழுதா எப்படி சமாதானம் ஆவான். அப்புறம் கேளுங்க, கடிக்கறது எந்த நேரத்துல மிஸ், க்யூல நிக்கறப்போவா, ஒரே பையனையா, அப்போ நீங்க என்ன பண்றீங்க, அதுக்கு அவன் என்ன பண்றான். அவங்க “எப்பவுமே இப்படித்தான் மேம்”னு சொன்னா கோவப்படாம “நேத்து நடந்தத மட்டும் சொல்லுங்களேன்”னு கேளுங்க, நேத்து நடந்த ஒண்ணு ஒரு மாசத்து கம்ப்ளெயின்ட்ட விட உபயோகமா இருக்கும். கடிபட்ட பையன் யாருன்னு பேர் கேக்காதீங்க, ஸ்கூல் அத சொல்லவும் கூடாது. கடைசில மெதுவா ஆனா தெளிவா சொல்லுங்க: “பாட்டிகிட்ட கேட்ல சொல்ல வேண்டாம் மிஸ், அவங்க தாங்க மாட்டாங்க, மத்தவங்களும் கேக்குறாங்க. டைரில ரெண்டு வரி எழுதுங்க போதும், நான் அன்னைக்கே பதில் எழுதறேன்.” சொன்னா சொன்னபடி அன்னைக்கே எழுதிடணும், ராத்திரி ஒன்பது மணியானாலும் சரி. வெறும் கையெழுத்து மட்டும் போட்டு திரும்புற டைரில எந்த மிஸ்ஸும் ரெண்டாவது தடவை மனசு விட்டு எழுத மாட்டாங்க.

அங்க இருக்கற ஆயாம்மாகிட்டயும் ரெண்டு வார்த்தை பேசுங்க. பாத்ரூம் கூட்டிட்டு போறது, கை கழுவி விடறது, டிபன் பாக்ஸ் திறந்து குடுக்கறது எல்லாம் அவங்கதான், உங்க பையன் ஸ்கூல்ல யார் கைய பிடிச்சுட்டு நடக்கறான்னு பாத்தா அனேகமா அவங்க கையாத்தான் இருக்கும். அவங்க பேர கேட்டு தெரிஞ்சுக்கோங்க. பேரன்ட்ஸ் டீச்சர் மீட்டிங்ல இவங்கள யாரும் கூப்பிடறதில்ல, எனக்கு அதுல பெரிய வருத்தம் உண்டு, குழந்தைய பத்தி அந்த ஸ்கூல்ல நிறைய தெரிஞ்ச ஆளையே விட்டுட்டு மீட்டிங் நடத்தறாங்க.

டிபன் பாக்ஸ் விஷயம் சின்னது, சீக்கிரம் சொல்லிடறேன். வீட்டுல ஊட்டி விட்டு, அதுவும் டிவியோ ஃபோனோ பாத்துட்டே சாப்பிடற குழந்தைக்கு ஸ்நாக்ஸ் டைம்ல தானா சாப்பிடத் தெரியாது, அவங்க பட்டினி போடல, 20 பேருக்கு ஊட்ட முடியாது. ரெண்டு வாரத்துக்கு மினி இட்லி நாலு, வாழைப்பழம் பாதி, கைல எடுத்து வாய்ல போடற மாதிரி மட்டும் குடுங்க, அவனே திறக்கற மாதிரி டப்பாவா பாருங்க, டைட்டா மூடற டப்பாவால முழுசா திரும்பி வர்ற சாப்பாடு எவ்ளோன்னு எல்லா ஆயாம்மாவுக்கும் தெரியும். வீட்டுல சனி ஞாயிறு அதே டப்பால வச்சு தானா சாப்பிட விடுங்க, சிந்தட்டும்.

“டாக்டர்கிட்ட காட்டுங்க”ன்னு சொன்னது உங்கள ரொம்ப காயப்படுத்தியிருக்கு, புரியுது. ஹைப்பர்னு பேர் வைக்கற தகுதி ஒரு ப்ரீ கேஜி மிஸ்ஸுக்கு கிடையாது, எனக்கே கிடையாது, அது டாக்டர் வேலை. அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கத்தோட வழிகாட்டுதல்கூட ஏடிஹெச்டிக்கான, அதாவது கவனம் நிக்காம அளவுக்கு மீறி துறுதுறுன்னு இருக்கற பிரச்சனைக்கான, மதிப்பீட்ட 4 வயசுலேர்ந்துதான் சொல்லுது, தூக்கம் போதாத மூணரை வயசுப் பையன் ஒரு இடத்துல உக்காரலன்னா அதுக்கு வியாதிப் பேர் வைக்க எந்த அவசரமும் இல்ல. ஆனா அதுக்காக அவங்க பாத்தத தூக்கிப் போட்டுடாதீங்க, அதே வயசுல 20 குழந்தைங்கள பக்கத்து பக்கத்துல வச்சு தினம் பாக்கறவங்க அவங்க ஒருத்தர்தான், நமக்கு அந்த வாய்ப்பே இல்ல. மீட்டிங்ல கேளுங்க: பேர் சொல்லி கூப்பிட்டா திரும்பறானா, கதை சொல்றப்போ எவ்ளோ நேரம் கேக்குறான், மத்த குழந்தைங்க பக்கத்துல போய் விளையாடறானா, அவன் பேசறது உங்களுக்கு புரியுதா. மூணு வயசுக்கு மேல வெளி ஆளுங்களுக்கும் அவன் பேச்சு பெரும்பாலும் புரியணும். இதுல எதாவது இடிச்சா முதல்ல உங்க குழந்தை டாக்டர்கிட்ட போங்க, காது டெஸ்ட் பண்ணச் சொல்லி நீங்களே கேளுங்க, சரியா காது கேக்காத குழந்தையும் சொன்னா கேக்க மாட்டேங்குதுன்னு பேர் வாங்கிட்டு இருக்கறத நான் பாத்திருக்கேன். அதுக்கு மேல பாக்கணும்னா எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கு, உங்க ஈசிஆர் பக்கமே முட்டுக்காட்டுல மத்திய அரசோட பல்வகை ஊனமுற்றோர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கு, அங்க வளர்ச்சில சந்தேகம் இருக்கற சின்னக் குழந்தைங்கள பாக்குறாங்க. அந்த பேர் பலகைய பாத்து பயந்துடாதீங்க, ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சுக்கவும் ஒரு தடவை போகலாம்.

தூக்கத்த நீங்கதான் மாத்தணும், இது எழுதறப்போ எனக்கு கஷ்டமாத்தான் இருக்கு, ஏன்னா எட்டரைக்கு வீட்டுக்கு வந்து ஒரு நாள்ல உங்களுக்கு அவன்கூட கிடைக்கற நேரமே அந்த ரெண்டரை மணி நேரம்தான். அத யாரும் உங்ககிட்டேர்ந்து பிடுங்க வேண்டாம். மதியத் தூக்கத்த மாமியார் மூணு மணிக்குள்ள எழுப்பி விடற மாதிரி முன்னாடி தள்ளுங்க, ராத்திரி தூங்கப் போற நேரத்த நாலஞ்சு நாளைக்கு ஒரு தடவை கால் மணி நேரம் முன்னாடி கொண்டு வந்துட்டே இருங்க, ஒன்பதரைக்கு வந்து நின்னா போதும். காலைல அரை மணி முன்னாடி அவனே எந்திரிச்சுப்பான், அந்த அரை மணி உங்களோட விளையாடட்டும். கடிக்கறதுக்கு வீட்டுல தண்டனை எதுவும் வேண்டாம், ஸ்கூல்ல நடந்ததுக்கு சாயங்காலம் திட்டினா அவனுக்கு எதுக்குன்னே புரியாது. யாராவது பெரியவங்க திருப்பி கடிச்சு காட்டு, வாய்ல மொளகாய் தேய்ன்னு சொல்லுவாங்க, தயவுசெஞ்சு செய்யாதீங்க. “எனக்கு வேணும்”, “குடு”, “மிஸ் இங்க பாருங்க”ன்னு மூணு வார்த்தைய விளையாட்டுல திரும்பத் திரும்ப சொல்ல வைங்க, மிஸ்ஸையும் அதே வார்த்தைய அங்க சொல்லித்தரச் சொல்லுங்க.

மாமியார் பத்தி ஒண்ணு. ஒரு மாசமா அந்த கேட்ல தனியா நின்னு எல்லாத்தையும் வாங்கிட்டு வந்தது அவங்கதான், அவங்கள “ஏன் நீங்க எதுவும் கேக்கல”ன்னு தயவுசெஞ்சு கேட்டுடாதீங்க. டீச்சர எதுத்து பேசக்கூடாதுங்கற மரியாதைல வளர்ந்தவங்க. மீட்டிங்ல என்ன பேசினீங்கன்னு வந்து முழுசா அவங்ககிட்ட சொல்லுங்க, இனிமே கேட்ல யாராவது எதாவது சொன்னா “டைரில எழுதுங்கம்மா, மருமக பாத்துக்குவா”ன்னு ஒரே வாக்கியம் சொன்னா போதும்னு சொல்லிக் குடுங்க. குழந்தையோட பகல் முழுக்க அவங்க கைலதான் இருக்கு, அடுத்த மீட்டிங்குக்கு அவங்களையே கூட்டிட்டு போறதும் நல்லதுதான்.

ஹஸ்பண்ட் சொல்ற பிரின்சிபால் வழி தப்பில்ல, வரிசை மட்டும் மாறணும். மிஸ்ஸுக்கு மெசேஜ் அனுப்பி ஒரு வாரம் பதிலே இல்லன்னா கோஆர்டினேட்டர், அங்கயும் ஒண்ணும் நடக்கலன்னா பிரின்சிபால், எழுத்துல, யார் மேலயும் குத்தம் சொல்லாம “எங்க குழந்தைய பத்தி அவன் டீச்சர்கிட்ட பேச நேரம் வேணும்”னு மட்டும். ப்ளே ஸ்கூல்ல பேரன்ட்ஸ் டீச்சர்ஸ் அசோசியேஷன் இருக்கணும்னு குழந்தைகள் உரிமை ஆணையத்தோட அதே வழிகாட்டுதல்ல இருக்கு, உங்க ஸ்கூல்ல இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா ஆரம்பிக்கச் சொல்லுங்க, கேட்ல சொல்லக்கூடாதுங்கறத பொதுவான விதியா கொண்டு வர அதுதான் சரியான இடம், அங்க நீங்க ஒரு ஆளா நிக்க வேண்டாம். க்ரூப்ப அறிவிப்புக்கு மட்டும் வச்சுக்கோங்க, நாளைக்கு வேற ஒரு அம்மா அதே மாதிரி கோவமா எழுதினா அவங்களுக்கு தனியா ஃபோன் பண்ணி பேசுங்க.

ஸ்கூல மாத்தறத இப்போ முடிவு பண்ணாதீங்க. பேசினப்புறம் ஒன்றரை மாசம் பாருங்க. டைரில நாலு வரியாவது வந்திருக்கா, கடிக்கறது குறைஞ்சிருக்கா, காலைல அவன் எப்படி உள்ள போறான், மிஸ்ஸ பாத்ததும் அவன் முகம் எப்படி இருக்குன்னு கவனிங்க. நீங்க இவ்ளோ இறங்கி வந்தும் அவங்க அதே “நல்லா இருக்கான் மேம்”லயே நின்னா, இல்ல பகல்ல க்ளாஸ ஜன்னல் வழியாக்கூட பாக்க விடமாட்டேன்னு சொன்னா, தயங்காம மாத்திடுங்க, மாத்தறது தோல்வி இல்ல. விஜயதசமிக்கு அட்மிஷன் போடற ஸ்கூல்ஸ் சென்னைல நிறைய இருக்கு, அப்போ சேர்த்தா அவன்கூட இன்னும் சில புதுக் குழந்தைங்களும் அழுதுட்டே உள்ள வருவாங்க, அவன் மட்டும் புதுசா தெரிய மாட்டான். சேர்க்கறதுக்கு முன்னாடி ஏசி இருக்கா, ஸ்மார்ட் போர்டு இருக்கான்னு பாக்கற நேரத்துல, என் குழந்தைக்கு எதாவது ஆச்சுன்னா யாரு எனக்கு சொல்லுவாங்க, எப்படி சொல்லுவாங்க, நான் யார்கிட்ட எந்த நேரத்துல பேசலாம்னு கேளுங்க, பதில் சொல்ல யோசிச்சாங்கன்னா அடுத்த ஸ்கூல பாருங்க. சேர்த்த முதல் வாரமே, பிரச்சனை எதுவும் வர்றதுக்கு முன்னாடியே, தூக்கம், சாப்பாடு, பாத்ரூம் வார்த்தை, பயம், எப்படி சமாதானம் ஆவான் எல்லாம் ஒரு பேப்பர்ல தமிழ்ல எழுதி, ஒண்ணு மிஸ் கைல, ஒண்ணு ஆயாம்மா கைல குடுத்துடுங்க.